அச்சகத்துப் பழைய கணினிக்கு 1 டிபி டிஸ்க்: மாட்டுவதற்கு முன்னும் பின்னும்

கேள்வி சுருக்கமாக இது. கொழிஞ்சாம்பாறையில் அப்பா இருபது வருஷமாக நடத்தும் சின்ன அச்சகம். பென்டியம் 4, இன்டெல் 865 போர்டு, 1 ஜிபி ராம், 80 ஜிபி ஐடிஇ (அகலப் பட்டை கேபிளில் மாட்டும் பழைய வகை) ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2 (மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட திருத்தத் தொகுப்பு). அதில் பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் 7, தமிழ், மலையாள எழுத்துரு மென்பொருள், பின்னால் பேரலல் போர்ட்டில் ஒரு டாங்கிள் (மென்பொருளின் உரிமத்தைக் காட்டும் சின்னப் பூட்டு). டிஸ்க் நிரம்பிவிட்டது. ஒரு கடையில் 'இந்த போர்டு 120 ஜிபிக்கு மேல் எடுக்காது' என்கிறார்கள். இன்னொரு கடையில் 'ஃபார்மேட் பண்ணிப் புதுசாப் போட்டுடலாம்' என்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?

தம்பி, இரண்டு பேர் சொல்வதையும் கேட்க வேண்டாம். 865 போர்டு 1 டிபி டிஸ்கைத் தாராளமாக ஏற்கும். ஃபார்மேட் செய்து புதிதாக எக்ஸ்பி போட மட்டும் யாரையும் விடாதீர்கள். டிஸ்கை மாட்டுவது கால் மணி நேர வேலை. அப்பாவின் இருபது வருஷ உழைப்பு அந்த 80 ஜிபிக்குள் இருக்கிறது. அதை ஒரு கீறல் இல்லாமல் வெளியே எடுத்து, மறுபடி அதே இடத்தில் உட்கார வைப்பதுதான் உண்மையான வேலை. அதைப் பற்றித்தான் அதிகம் எழுதப் போகிறேன்.

'புதுக் கணினி வாங்கிக்கொள்ளுங்கள்' என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் நம் எல்லைப் பக்கத்து அச்சகங்களின் பாடு எனக்குத் தெரியும். ஒரே கல்யாணப் பத்திரிகையில் ஒரு பக்கம் தமிழ், மறு பக்கம் மலையாளம். மாசியில் பாலக்காட்டுச் சித்தூரில் கொங்கன்படைத் திருவிழா வந்தால் நோட்டீஸ் இரண்டு மொழியிலும் வேண்டும். பாமினியில் அடித்த தமிழும், எம்எல்-டிடி கார்த்திகாவில் அடித்த மலையாளமும் யூனிகோடு கிடையாது. ஆங்கில எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் நம் எழுத்தின் உருவத்தை வைத்துச் செய்த எழுத்துருக்கள் அவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அந்தக் கோப்பைத் திறந்தால் புரியாத ஆங்கில எழுத்துக் குவியல்தான் தெரியும். பேஜ்மேக்கரிலும் 2001இல் வந்த 7க்குப் பிறகு 8 என்று ஒன்று வரவே இல்லை. போன வருஷத்துப் பத்திரிகையை எடுத்துப் பெயரையும் தேதியையும் மாற்றிக் கொடுப்பதுதான் சின்ன அச்சகத்தின் பிழைப்பு. ஆகவே அந்தப் பழைய பெட்டி ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்று நீங்கள் நினைப்பது முழுக்க நியாயம்.

சரி, அந்த '120க்கு மேல் எடுக்காது' என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? அதில் ஒரு பழைய உண்மை இருக்கிறது. உங்கள் அச்சகத்தில் ரசீதுப் புத்தகத்துக்கு எண் போடும் நம்பரிங் மெஷின் இருக்கும் அல்லவா, அதை நினைத்துக்கொள்ளுங்கள். நான்கு சக்கரம் உள்ள மெஷினில் 9999க்கு அடுத்து 0000 வந்துவிடும். டிஸ்கிலும் இதே கதைதான். டிஸ்கின் இடம் முழுவதும் 512 பைட் அளவுள்ள சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிந்திருக்கிறது. அவற்றுக்கு செக்டர் என்று பெயர். ஒவ்வொரு செக்டருக்கும் ஓர் எண் உண்டு. பழைய ஐடிஇ முறையில் அந்த எண்ணை எழுத 28 பிட்தான் ஒதுக்கியிருந்தார்கள். 28 பிட்டில் எண்ணக்கூடியது 26,84,35,456 செக்டர்கள். அதை 512ஆல் பெருக்கினால் 137 ஜிபி சொச்சம். அதற்கு மேல் எண்ண அந்தக் கணினிகளுக்குச் சக்கரம் இல்லை. அன்றைக்குக் கடையில் கிடைத்த டிஸ்க் 120, அடுத்தது 160. அதனால்தான் மெக்கானிக்குகள் வாயில் '120தான் எல்லை' என்று நின்றுவிட்டது.

பிறகு எண்ணும் இடத்தை 48 பிட்டாக்கினார்கள். இதற்கு போர்டின் பயாஸும் (கணினி எழும்போது முதலில் ஓடும், போர்டிலேயே இருக்கும் நிரல்) ஒத்துழைக்க வேண்டும், விண்டோஸும் ஒத்துழைக்க வேண்டும். உங்கள் 865 போர்டு 2003ஆம் வருஷத்துத் தலைமுறை; அதற்கு 48 பிட் தெரியும். எக்ஸ்பியில் இந்த வசதி 2002இல் வந்த சர்வீஸ் பேக் 1 முதல் ஒழுங்காக இருக்கிறது. உங்களிடம் இருப்பது சர்வீஸ் பேக் 2. ஆகவே இரண்டு பக்கமும் சரி. ஆனால் அலமாரியில் இருக்கும் எக்ஸ்பி சிடி முதல் பதிப்பாக, சர்வீஸ் பேக் இல்லாததாக இருந்தால், அதைப் போட்டுப் புதிதாக நிறுவும்போது டிஸ்க் 1,31,000 எம்பி சுற்றளவில்தான் தெரியும். ஃபார்மேட் வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த எல்லையைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில், எல்லையோரத்து ஸ்டுடியோ ஒன்றுக்கு 160 ஜிபி டிஸ்க் மாட்டிக் கொடுத்தேன். என் மேஜையில் இருந்த சர்வீஸ் பேக் 2 கணினியில் அதைப் பிரித்து ஃபார்மேட் செய்து, கொண்டுபோய் அவர்கள் கணினியில் வைத்தேன். அங்கே இருந்தது முதல் பதிப்பு எக்ஸ்பி. டிஸ்க் 149 ஜிபி என்று முழுசாகவே தெரிந்தது, எல்லாம் ஓடியது. சில மாதம் கழித்துப் படங்கள் 128 ஜிபியைத் தாண்டிய அன்றைக்கு, அடுத்து எழுதியது அத்தனையும் டிஸ்கின் ஆரம்பத்துக்குப் போய் உட்கார்ந்தது. விண்டோஸ் காட்டும் 128 என்பதும் டிஸ்க் கம்பெனி சொல்லும் 137 என்பதும் ஒரே அளவுதான். 0000 வந்துவிட்ட நம்பரிங் மெஷின் பழைய ரசீதின் மேலேயே அடித்ததைப் போல, டிஸ்கின் பொருளடக்கம் இருந்த இடத்திலேயே புதுப் படங்கள் எழுதப்பட்டுவிட்டன. மறுநாள் 'இந்த டிஸ்க் ஃபார்மேட் செய்யப்படவில்லை' என்று வந்தது. ஒரு முகூர்த்த மாதத்தின் கல்யாணப் படங்களில் பாதிக்கு மேல் மீட்க முடியவில்லை. அந்த வீட்டுக்காரர்களுக்கு ஸ்டுடியோக்காரர் பதில் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். அன்றிலிருந்து எந்தக் கணினியைத் திறந்தாலும் முதலில் சர்வீஸ் பேக்கைப் பார்க்கிறேன். நீங்களும் 'மை கம்ப்யூட்டர்' மேல் ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸில் அது 2 அல்லது 3 என்று எழுதியிருப்பதை இன்னொரு முறை பார்த்துவிடுங்கள்.

மேல் எல்லை ஒன்றும் உண்டு. 32 பிட் எக்ஸ்பிக்கு 2 டிபிதான் கடைசி. அதற்கு மேல் உள்ள டிஸ்குக்கு ஜிபிடி என்ற வேறு வகைப் பிரிவினைப் பட்டியல் வேண்டும், அதை இந்த எக்ஸ்பி படிக்காது. 1 டிபி என்று நீங்கள் தேர்ந்தெடுத்தது பொருத்தமான அளவு.

இப்போது வேலைக்கு வருவோம். பெட்டியைத் திறக்காதீர்கள். முதலில் பழைய டிஸ்கின் உடல்நிலை தெரிய வேண்டும். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளின், எக்ஸ்பியில் ஓடக்கூடிய பழைய பதிப்பு ஒன்றை பென் டிரைவில் கொண்டுவந்து போடுங்கள். பட்டியலில் 05, சி5, சி6 என்ற மூன்று வரிகளைப் பாருங்கள். 05 என்பது கெட்டுப்போய், பதிலுக்கு வேறு இடம் கொடுக்கப்பட்ட செக்டர்கள். சி5 என்பது படிக்கத் திணறி, முடிவு தெரியாமல் நிற்கும் செக்டர்கள். சி6 என்பது படிக்கவே முடியாதவை. மூன்றும் பூஜ்யமாக இருந்தால் நிம்மதியாக மேலே போகலாம். 05இல் சின்ன எண் இருந்து சி5, சி6 பூஜ்யமாக இருந்தால் வேலையைத் தள்ளிப்போடாமல் செய்யுங்கள். சி5இல் எண் இருந்தால் கணினியை அணைத்துவிடுங்கள். ஸ்கேன் டிஸ்க், டிஃப்ராக் எதையும் ஓட விடாதீர்கள்; திணறுகிற டிஸ்கை இன்னும் ஓட வைப்பது அதைச் சாகடிப்பதற்குச் சமம். அப்படிப்பட்ட டிஸ்கை லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற கருவியால்தான் நகல் எடுக்க வேண்டும். அது நன்றாக இருக்கும் பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, கெட்ட பகுதிகளுக்குக் கடைசியாகத் திரும்பி வரும். டக் டக் என்று சத்தம் வருகிற டிஸ்க் என்றால் அதுவும் வேண்டாம், தரவு மீட்பு செய்கிறவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.

அதே பட்டியலில் சி7 என்று ஒரு வரி இருக்கும். அதில் பெரிய எண் இருந்தால் பயப்பட வேண்டாம், அது பெரும்பாலும் டிஸ்கின் நோய் இல்லை, கேபிளின் நோய்.

டிஸ்க் நலம் என்றால், அடுத்தது வெளியே ஒரு பிரதி. ஒரு 1 டிபி எக்ஸ்டர்னல் டிஸ்க் கடன் வாங்கியாவது கொண்டுவாருங்கள். அது எம்பிஆர் என்ற பழைய பிரிவினைப் பட்டியல் முறையில் பிரித்து, என்டிஎஃப்எஸ் என்ற கோப்பு முறையில் ஃபார்மேட் செய்ததாக இருக்க வேண்டும். புதுக் கணினியில் ஜிபிடியாகப் பிரித்த டிஸ்கை உங்கள் எக்ஸ்பி திறக்காது. எஃப்ஏடி32 என்றால் 4 ஜிபிக்கு மேல் பெரிய கோப்பு ஏறாது. டி டிரைவ் முழுவதும், சி டிரைவில் மை டாக்குமென்ட்ஸ், டெஸ்க்டாப், அப்புறம் விண்டோஸுக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டர், இவ்வளவையும் காப்பி செய்யுங்கள். ஃபான்ட்ஸை நிறையப் பேர் மறந்துவிடுவார்கள். கோப்பு பிழைத்து எழுத்துரு போய்விட்டால் அச்சகத்துக்கு இரண்டும் போனதுதான். யுஎஸ்பி 2இல் வேகம் நொடிக்கு 30 எம்பி அளவில்தான் கிடைக்கும். நிரம்பிய 80 ஜிபிக்கு முக்கால் மணி நேரமாவது ஆகும், சின்னக் கோப்புகள் அதிகம் என்றால் இன்னும் கூடும். முடிந்ததும் அந்த எக்ஸ்டர்னல் டிஸ்கை வேறு கணினியில் செருகி, பத்துப் பதினைந்து கோப்புகளாவது திறக்கிறதா, அளவு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். காப்பி ஆனதாக நினைத்துக்கொண்டிருப்பது வேறு, காப்பி ஆகியிருப்பது வேறு.

டாங்கிள் பற்றி ஒரு வார்த்தை. அது டிஸ்கைப் பார்ப்பதில்லை, போர்ட்டில் இருந்தால் போதும். ஆனால் கணினி ஓடும்போது அதைப் பிடுங்கவோ செருகவோ கூடாது. பேரலல் போர்ட் அதைத் தாங்கும்படி செய்யப்பட்டது இல்லை. டாங்கிள் இல்லாத வேறு சில மென்பொருள்கள் டிஸ்கின் எண்ணைப் பார்த்து உரிமம் தருபவை. அதிலும் இரண்டு வகை. ஃபார்மேட்டின்போது விழும் எண்ணைப் பார்ப்பவை நகல் எடுத்தாலும் வேலை செய்யும். டிஸ்கின் சொந்த சீரியல் எண்ணைப் பார்ப்பவை புது டிஸ்கில் அடம் பிடிக்கும். கணக்கு மென்பொருள், எழுத்துரு மென்பொருள் எதுவாக இருந்தாலும் விற்றவரிடம் முன்னாலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த டிஸ்க் வாங்குவது? 865 போர்டில் இரண்டு ஐடிஇ வரிசையோடு, ஐடிஇக்கு அடுத்து வந்த மெல்லிய கேபிள் முறையான சாட்டா போர்ட்டும் இரண்டு இருக்கும். புதிதாக ஐடிஇ டிஸ்க் தேடிக் கோயம்புத்தூர் முழுக்க அலைய வேண்டாம். கிடைப்பது யாரோ கழற்றிப்போட்ட பழசாகத்தான் இருக்கும். சாதாரண 3.5 அங்குல சாட்டா டிஸ்க் வாங்குங்கள். டிஸ்க் வேகமானது, உங்கள் போர்ட் மெதுவானது என்பதால் கெடுதல் ஒன்றும் இல்லை. இரண்டும் பேசி 1.5 ஜிகாபிட்டில் ஒத்துக்கொள்ளும். வாங்கும்போது, தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத சிஎம்ஆர் வகையா என்று கேளுங்கள். எஸ்எம்ஆர் என்ற வகையில் ஓட்டு வேய்வதுபோல் ஒரு தடத்தின் மேல் அடுத்த தடம் கொஞ்சம் ஏறி நிற்கும். ஓரிடத்தைத் திருத்த அடுத்தடுத்த ஓடுகளையும் எடுத்து மறுபடி வேய வேண்டும் என்பதால், எழுதி அழித்து எழுதுகிற வேலைக்கு அது மந்தம்.

சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் எழுதும் எஸ்எஸ்டி நல்லதா என்றும் யோசிப்பீர்கள். பேஜ்மேக்கர் திறக்கும் நேரம் பாதிக்கும் கீழே போகும், அது உண்மை. நிமிஷத்துக்கு 7200 சுற்று சுற்றும் டிஸ்கில் வேண்டிய இடம் ஊசிக்குக் கீழே வரவே சராசரியாக 4 மில்லி நொடிக்கு மேல் காத்திருக்க வேண்டும்; எஸ்எஸ்டியில் அந்தக் காத்திருப்பே கிடையாது. ஆனால் எக்ஸ்பிக்கு ட்ரிம் தெரியாது. அழித்த இடம் எது என்று எஸ்எஸ்டிக்கு அது சொல்லாது, நாளடைவில் எழுதும் வேகம் குறையும். 15, 20 சதவீதம் இடத்தைப் பிரிக்காமல் காலியாக விட்டு வைத்தால் பல வருஷம் ஓட்டலாம். உங்களுக்கு வேண்டியது இடம் என்பதால் என் ஓட்டு 1 டிபி ஹார்ட் டிஸ்குக்கே.

வயர் விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். உங்கள் பழைய எஸ்எம்பிஎஸ்ஸில் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியில்) சாட்டா பவர் இல்லாமல் நான்கு முள் கனெக்டர்தான் இருக்கும், மாற்றி ஒன்று வேண்டும். கடையில் இரண்டு வகை கிடைக்கும். ஒன்று, வயர்களின் மேல் பிளாஸ்டிக்கை ஒரே கட்டியாக உருக்கி வார்த்தது. இன்னொன்று, ஒவ்வொரு வயரும் தனித்தனியாகக் கனெக்டரில் அழுத்திச் செருகியிருப்பது தெரியும். இரண்டாவதை வாங்குங்கள். வார்த்த வகையில் உள்ளே வயர்கள் ஒன்றையொன்று தொட்டுச் சூடாகி உருகியதையும், டிஸ்கோடு சேர்ந்து கருகியதையும் பார்த்திருக்கிறேன். விலை வித்தியாசம் டீக்காசு.

பெட்டியைத் திறந்ததும் போர்டில் இருக்கும் கெபாசிட்டர்களின் தலையைப் பாருங்கள். தட்டையாக இருக்க வேண்டும். உப்பியோ, பழுப்பாகக் கசிந்தோ இருந்தால் அதை மாற்றாமல் எந்த டிஸ்க் போட்டாலும் கணினி நடுவில் நின்றுதான் போகும். அந்த வருஷங்களின் போர்டுகளில் இந்த நோய் பரவலாக இருந்தது. பயாஸ் பேட்டரியையும், அந்த சிஆர்2032 என்ற நாணய பேட்டரியை, இப்போதே மாற்றிவிடுங்கள். மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே அடிக்கும் அந்த வறண்ட காற்றில் உடம்பில் நிலை மின்சாரம் ஏறும். போர்டைத் தொடும் முன் கேபினெட்டின் வெறும் இரும்பைத் தொட்டுக்கொள்ளுங்கள். ஐப்பசி என்றால் துலா மழை இடி சாயங்காலத்தில்தான் தொடங்கும், அதனால் நகல் எடுக்கும் வேலையைக் காலையில், யுபிஎஸ்ஸில் வைத்துத் தொடங்குங்கள்.

இனிச் சொல்வதுதான் பல பேர் தவறவிடும் இடம். புது டிஸ்கை மாட்டி உடனே நகல் எடுக்காதீர்கள். பழைய ஐடிஇ டிஸ்க் அப்படியே இருக்க, புதியதை சாட்டா போர்ட்டில் இரண்டாவது டிஸ்காக மாட்டி, எஃப்2 அழுத்தி பயாஸுக்குள் போய், டிரைவ் அமைப்பில் சாட்டாவை இயக்கி, 'என்ஹான்ஸ்டு' என்ற முறையில் வையுங்கள். பிறகு பழைய டிஸ்கிலிருந்தே எக்ஸ்பியை ஒருமுறை திறங்கள். சாட்டா கன்ட்ரோலர் புதிதாக வந்திருப்பதை எக்ஸ்பி கண்டுபிடித்து, அதற்கான டிரைவரைப் போட்டுக்கொள்ளும். டிஸ்கைத் தொடங்கட்டுமா என்று ஒரு சன்னல் கேட்டால் ரத்து செய்யுங்கள். டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறி இல்லையா என்று பார்த்துவிட்டு அணையுங்கள். இந்த ஒரு படியைச் செய்யாமல் நகல் எடுத்தால், புது டிஸ்கிலிருந்து எழும்போது எக்ஸ்பி தன் காலடியில் இருக்கும் டிஸ்கையே அடையாளம் தெரியாமல் 7பி என்ற எண்ணோடு நீலத் திரையில் விழக்கூடும். கடைகளில் 'எக்ஸ்பி க்ளோன் ஆகாது, ஃபார்மேட்தான்' என்று சொல்வதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

இப்போது நகல். க்ளோன்ஸில்லா என்ற இலவசக் கருவியை சிடியில் எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் பென்டியம் 4க்கு ஐ686 என்று குறித்த 32 பிட் பதிப்பு வேண்டும், பழைய வெளியீடாக இருந்தாலும் போதும். பென் டிரைவிலிருந்து எழுவதில் அந்தக் காலத்து போர்டுகள் தகராறு செய்யும், சிடி நம்பகமானது. டிஸ்கிலிருந்து டிஸ்குக்கு என்பதைத் தேர்ந்தெடுத்தால், எது மூலம், எது நகல் என்று கேட்கும். இங்கேதான் நிதானம் வேண்டும். மூலத்தையும் நகலையும் மாற்றிக் கொடுத்தால் காலி டிஸ்கை அப்பாவின் டிஸ்க் மேல் எழுதிவிடும். அளவைப் பார்த்து மட்டும் முடிவு செய்யாமல் மாடல் எண்ணையும் பாருங்கள். பெட்டியைத் திறந்தபோதே இரண்டு டிஸ்கின் மாடல் எண்ணையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மேஜையில் வைத்துக்கொள்ளுங்கள். நான் இன்றைக்கும் அப்படித்தான் செய்கிறேன்.

நகல் முடிந்ததும் கணினியை அணைத்து, பழைய டிஸ்கைக் கழற்றிவிடுங்கள். பவர் வயரும் கூடாது, டேட்டா கேபிளும் கூடாது. முதல் முறை எழும்போது இரண்டும் இருந்தால் இரண்டுக்கும் ஒரே கையொப்பம் (டிஸ்கை அடையாளம் காட்டும் எண்) இருப்பதால் எக்ஸ்பி குழம்பி, டிரைவ் எழுத்துகளை மாற்றி ஒதுக்கிவிடும். பாதி புது டிஸ்கிலும் பாதி பழைய டிஸ்கிலுமாக ஓடுகிற கணினியைப் பிறகு சரிசெய்வது தலைவலி. பயாஸில் முதல் டிஸ்காகப் புதியதை வைத்து எழுப்புங்கள். பழைய டெஸ்க்டாப் அப்படியே வந்து நிற்கும்.

ஆனால் இந்த நிலையில் டிஸ்கில் 80 ஜிபிதான் பிரிந்திருக்கும், மீதி வெற்றிடம். இங்கே டி டிரைவை அப்படியே இழுத்துப் பெரிதாக்குவதுதான் எல்லோரும் செய்வது. நான் உங்களுக்கு வேறு வழி சொல்கிறேன், காரணம் இருக்கிறது. புது டிஸ்குகள் உள்ளுக்குள் 4096 பைட் கட்டங்களாக எழுதுகின்றன. பழைய கணினிக்காக 512 என்று வேஷம் போடுகின்றன. எக்ஸ்பி முதல் பிரிவை 63ஆம் செக்டரில் தொடங்கும். 63 என்பது 8ஆல் வகுபடாத எண். அதனால் எக்ஸ்பி எழுதும் ஒவ்வொரு 4 கேபியும் இரண்டு கட்டங்களின் மேல் கால் வைத்து நிற்கும். ஒன்றை எழுத இரண்டைப் படித்து, திருத்தி, இரண்டையும் எழுத வேண்டும். பெரிய ஃப்ளெக்ஸ் டிசைன் சேமிக்கும்போது இந்த மந்தம் நன்றாகத் தெரியும்.

ஆகவே டிஸ்கைப் பிரிக்கும் கருவியான ஜிபார்ட்டட் சிடியில் எழுப்பி, புது டிஸ்கில் இருக்கும் டி பிரிவை அழித்துவிடுங்கள். டி முழுவதும் எக்ஸ்டர்னல் டிஸ்கில் இருக்கிறது, சரிபார்த்தும் விட்டீர்கள், பழைய டிஸ்கும் மேஜையில் இருக்கிறது, பயமில்லை. சி பிரிவைத் தொடாமல், அதற்குப் பின்னால் உள்ள இடம் முழுவதையும் ஒரே என்டிஎஃப்எஸ் பிரிவாகப் போடுங்கள். அலைன்மென்ட் என்ற இடத்தில் எம்ஐபி (MiB) என்பது தேர்வாகியிருக்கட்டும். அப்போது தொடக்கம் 8ஆல் வகுபடும் இடத்தில் விழும். சி மட்டும் பழைய தொடக்கத்திலேயே இருக்கும். அதில் தினமும் பெரிதாக எழுதப் போவதில்லை என்பதால் விட்டுவிடலாம்.

பிறகு எக்ஸ்பிக்குள் டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்து புதுப் பிரிவுக்கு டி என்ற எழுத்தைக் கொடுங்கள். அந்த எழுத்தை சிடி டிரைவ் பிடித்துக்கொண்டிருந்தால் முதலில் அதை வேறு எழுத்துக்குத் தள்ளுங்கள். இது அழகுக்காகச் சொல்வதில்லை. பேஜ்மேக்கர் படங்களைத் தனக்குள் முழுதாக வைத்துக்கொள்ளாமல், டி டிரைவில் இந்த ஃபோல்டரில் இந்தப் படம் என்று முகவரியை நினைவில் வைத்திருக்கும். டி என்பது எஃப் ஆகிவிட்டால் பழைய பத்திரிகை ஒவ்வொன்றும் பிள்ளையார் எங்கே, குத்துவிளக்கு எங்கே என்று கேட்டுக்கொண்டு நிற்கும். டி சரியாக உட்கார்ந்ததும் எக்ஸ்டர்னல் டிஸ்கிலிருந்து எல்லாவற்றையும் அதே ஃபோல்டர் பெயர்களில் திருப்பிக் காப்பி செய்யுங்கள். மொத்தம் 931 ஜிபிதான் காட்டும். குறை ஒன்றும் இல்லை, டிஸ்க் கம்பெனி ஆயிரத்தால் எண்ணுகிறது, விண்டோஸ் 1024ஆல் எண்ணுகிறது.

இதைப் படிக்கும் வேறு யாரிடமாவது, இன்டெலுக்குப் பதில் வியா (VIA) கம்பெனியின் சிப்செட் உள்ள போர்டு இருந்தால் ஒன்று. விடி8237 இருக்கும் பல போர்டுகளில் 3 ஜிகாபிட் சாட்டா டிஸ்க் மாட்டினால் பயாஸில் டிஸ்கே தெரியாது. டிஸ்கும் செத்திருக்காது, போர்டும் செத்திருக்காது. வேகத்தைப் பேசி முடிவு செய்ய அந்த சிப்புக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். டிஸ்கின் பின்னால் ஜம்பர் முள் இருந்தால் அதில் 1.5 ஜிகாபிட் என்று கட்டாயப்படுத்திவிடலாம். எந்த முள் என்பது டிஸ்க் லேபிளில் இருக்கும். சாட்டாவே இல்லாத இன்னும் பழைய போர்டு என்றால் பிசிஐ ஸ்லாட்டில் போடும் சாட்டா கார்டு ஒன்று போதும்.

கடைசியாக இணையம். எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8இல் ஆதரவை நிறுத்திவிட்டது. அந்தப் பெட்டியின் நெட்வொர்க் வயரைக் கழற்றியே வையுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் படங்களை வேறு கணினியில் இறக்கி, வைரஸ் சோதித்து, பென் டிரைவில் கொண்டுவாருங்கள்.

பழைய 80 ஜிபி டிஸ்கை அழித்து வேறு வேலைக்கு எடுக்கலாமா என்று நாளைக்கே கேட்பீர்கள். வேண்டாம். தேதி எழுதி ஒட்டி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு ஒரு கவரில் போட்டு, அப்பாவின் மேஜை டிராயரில் வையுங்கள். கொங்கன்படை நோட்டீஸ், சித்திரை, வைகாசிக் கல்யாணப் பத்திரிகைகள், பள்ளி திறக்கும் நேரத்து ரசீதுப் புத்தகங்கள் என்று அப்பா தேடும் ஒவ்வொரு பழைய கோப்பும் புது டிஸ்கில் ஒருமுறையாவது திறந்து அச்சாகி வெளியே வரட்டும். அதுவரை அந்தக் கவர் டிராயரிலேயே இருக்கட்டும்.